டைம்லைன் திக்கினால்: புரொக்சியா, உருமாற்றமா, புதிய கணினியா?

மாசி மாதத்தில் இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி அழைத்தார். கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. "அண்ணன், இரண்டு கிளிப்பை அடுக்கினாலே டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. அடுத்த மாதம் சீட்டுக் காசு கைக்கு வரும். லேப்டாப்பை மாற்றிவிடவா?" என்று கேட்டார். டைம்லைன் என்பது எடிட் செய்யும் மென்பொருளில் காட்சித் துண்டுகளை, அதாவது கிளிப்புகளை, வரிசையாக அடுக்கும் இடம்.

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். கேட்பவர் பதுளையில் இருப்பார், ஹட்டனில் இருப்பார், அல்லது மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேரையும் மூன்று கெமராவில் எடுத்துவிட்டு விழி பிதுங்கி உட்கார்ந்திருப்பார். கேள்வி மட்டும் மாறுவதில்லை. தம்பிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சீட்டுக் காசு என்பது மாதாமாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. அதைக் கடைக்காரரிடம் எண்ணிக் கொடுப்பதற்கு முன், திக்குவது எது என்று தெரிய வேண்டும்.

## முதலில் நோய் எது என்று பாருங்கள்

அடைப்பு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். சுருக்கிப் பதிந்த கிளிப்பைக் கணினி விரித்துப் படிக்கும் இடம். டிஸ்க்கிலிருந்து தரவு வரும் வழி. நிற மாற்றம் போல நீங்கள் கிளிப்பின் மேல் ஏற்றிய எஃபெக்டுகள். மூன்றுக்கும் மருந்து வேறு.

பத்து நிமிடச் சோதனை போதும். எஃபெக்டுகளை ஒரே சொடுக்கில் அணைக்கும் பொத்தான், எடிட் மென்பொருள்களான பிரீமியரிலும் உண்டு, டாவின்சி ரிசால்விலும் உண்டு. அணைத்ததும் ஓட்டம் சீரானால் குற்றவாளி எஃபெக்ட்தான். அப்போதும் திக்கினால், ஒரே ஒரு கிளிப்பை வெளி டிஸ்க்கிலிருந்து கணினிக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். இப்போது சீராக ஓடினால் குற்றம் டிஸ்க்கில். இரண்டிலும் மாற்றமில்லையென்றால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். கணினியின் மூளையான சிபியு நூறு சதவீதத்தைத் தொட்டு நிற்க, கிராபிக்ஸ் பகுதியில் 'வீடியோ டிகோட்' என்ற கோடு தரையோடு படுத்திருந்தால், கிளிப்பை விரிக்கும் வேலை முழுவதும் சிபியுவின் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

ஏன் அது இவ்வளவு பாரமான வேலை? தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவேட்டை, நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் நாள் எல்லாருடைய பெயரையும் முழுதாக எழுதிவிட்டு, மறுநாள் முதல் "நேற்றுப் போலவே, இரண்டு பேர் வரவில்லை, ஒருவர் புதிது" என்று மட்டும் எழுதினால் புத்தகம் மெலிதாக இருக்கும். ஆனால் பதினேழாம் தேதி யார் வேலைக்கு நின்றார்கள் என்று திடீரென்று கேட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறைகளான, 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய இரண்டும் இப்படித்தான் எழுதுகின்றன. போதாததற்கு, சில ஃபிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) நாளைய பக்கத்தையும் பார்த்துத்தான் விளங்கும். படம் பார்ப்பவர் முன்னோக்கியே போவதால் அவருக்குச் சிரமமில்லை. எடிட்டர் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பவர். ஒவ்வோர் இழுப்புக்கும் கணினி ஒன்றாம் தேதிக்கு ஓடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விடயங்கள். கையிலிருந்து போகும் காசு. போகும் நேரம் (உங்கள் நேரமா, நீங்கள் தூங்கும்போது கணினி செலவழிக்கும் நேரமா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்). டிஸ்க்கில் அடைக்கும் இடம். மின்சாரம் போனால் எவ்வளவு வேலை அழியும் என்பது. கடைசியாக, முடிவு தவறென்று தெரிந்தால் திரும்பி வர முடியுமா என்பது.

நான்காவதைக் கொழும்பில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டு தள்ளிவிடலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டிய காலம் போய்விட்டது, உண்மை. ஆனால் காற்று மழையில் ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் எங்கள் பக்கம் இன்றைக்கும் கரண்ட் இல்லை. கையிலுள்ள ஐந்து வழிகளை இந்த ஐந்தாலும் எடைபோட்டால் இப்படி வரும்.

| வழி | காசு | நேரம் | டிஸ்க் இடம் | கரண்ட் போனால் | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|---|
| பார்வைத் தரத்தைக் குறைத்தல் | இல்லை | இல்லை | இல்லை | கவலையில்லை | உடனே |
| புரொக்சி (இலேசான நகல்) | குறைவு | கணினியின் நேரம் | நடுத்தரம் | ஓடிக்கொண்டிருந்த கிளிப் மட்டும் | அழித்துவிடலாம் |
| முழு உருமாற்றம் | பெரிய டிஸ்க்கின் விலை | கணினியின் நேரம் | மிக அதிகம் | ஓடிக்கொண்டிருந்த கிளிப் மட்டும் | மூலத்தை வைத்திருந்தால் |
| இயந்திரம் வாங்குதல் | மிக அதிகம் | வாங்க அலையும் நாட்கள் | இல்லை | மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும் | நட்டத்தோடு விற்கலாம் |
| மென்பொருளை மாற்றுதல் | இலவசம் முதல் சந்தா வரை | உங்கள் நேரம், வாரக்கணக்கில் | இல்லை | கவலையில்லை | பாதி வேலை நடக்கும்போது முடியாது |

## பார்வைத் தரத்தைக் குறைத்தல்

காசில்லாத வழி என்பதாலேயே பலர் மதிப்பதில்லை. பிரீமியரில் படம் ஓடும் சதுரத்தின் கீழே ½, ¼ என்று தெரிவுகள் இருக்கும். ரிசால்விலும் டைம்லைனைப் பாதி, கால் தரத்தில் ஓட்டும் வசதி உண்டு. எஃபெக்ட் குற்றவாளியாக இருந்தால் இதுவே போதும். எஃபெக்டின் கணக்குக் குறைந்த புள்ளிகளில் நடப்பதால் ஓட்டம் இலகுவாகும். கிளிப்பை விரிப்பதுதான் பிரச்சினை என்றால் பெரிதாக எதுவும் மாறாது, ஏனென்றால் சிறிதாகக் காட்டுவதற்கும் முதலில் முழுச் செக்ரோலையும் படித்தாக வேண்டும்.

இதோடு, மென்பொருள் தன் வசதிக்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளின் இடமான கேஷ் கோப்புறையையும் பாருங்கள். பிரீமியரின் மீடியா கேஷ், நீங்கள் மாற்றாதவரை, சி டிரைவிலேயே குவிந்துகொண்டிருக்கும். ஒரு முறை என் கணினி வேகம் குறைந்து குறைந்து, சேமிக்கக்கூட முடியாமல் நின்றுவிட்டது. ஒரு வார இறுதி முழுவதும் கோடெக்கை (சுருக்கிப் பதியும் முறையை) திட்டித் தீர்த்தபின் பார்த்தால், சி டிரைவில் ஒரு ஜிகாபைட்கூட மிச்சமில்லை. முடித்துக் கொடுத்த ஆறு கல்யாணங்களின் கேஷ் அங்கே குடியிருந்தது.

## புரொக்சி

மூலக் கிளிப்பைத் தொடாமல், அதன் இலேசான நகல் ஒன்றைச் செய்து அதில் வெட்டி ஒட்டிவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது முடிந்த வீடியோவைக் கோப்பாக எழுதும்போது, மூலத்துக்குத் திரும்பும் முறை இது. பிரீமியர் 2016இல் இந்த வசதியைச் சேர்த்தது. ரிசால்வின் 18ஆம் பதிப்போடு 2022இல் புரொக்சிகளைத் தானாகவே செய்து தரும் தனிக் கருவி ஒன்றும் வந்தது. இலவச மென்பொருள்களான கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவற்றிலும் உள்ளது. அதாவது காசு கட்டாதவர்களுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே கெமரா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் நிரப்பும். தாலி கட்டு, வரவேற்பு, மறுவீடு என்று இரண்டு கெமராவிலும் சேர்த்து ஆறு மணித்தியாலம் இருந்தால் 270 ஜிகாபைட். அதற்கு 1920×1080 அளவில் புரோரெஸ் புரொக்சி செய்தால், நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் மணித்தியாலத்துக்கு 17 ஜிகாபைட். ஆறு மணித்தியாலத்துக்கு 102. இன்னும் குறைத்து 1280×720இல் செய்தால் அதில் பாதிகூட வராது. புரோரெஸும், விண்டோஸ்காரர்கள் அதிகம் பாவிக்கும் டிஎன்எக்ஸ்எச்ஆரும் ஒவ்வொரு நாளும் முழுப் பெயர்ப்பட்டியல் எழுதும் வகையைச் சேர்ந்தவை. எந்த ஃபிரேமைக் கேட்டாலும் அதே பக்கத்திலேயே பதில் இருக்கும்.

நேரம்? என் பழைய லேப்டாப்பில் ஒரு மணித்தியாலக் காட்சிக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே ஆறு மணித்தியாலக் கல்யாணம் ஓர் இரவு வேலை. எங்கள் மலைகளில் இரவு என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், மறுபடியும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும். அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, வானம் அடங்கிய பின் இரவு பத்து மணிக்கு மேல் ஓடவிடுவேன். விடியும்போது முடிந்திருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள நண்பரின் லேப்டாப் இரவு முழுவதும் ஓடினாலும் சூடேறித் தளர்வதில்லை. குளிருக்கு இப்படியும் ஓர் உபயோகம்.

புரொக்சி கிளிப் கிளிப்பாகச் செய்யப்படுவதால், நடுவில் கரண்ட் போனாலும் முடிந்தவை பத்திரமாக இருக்கும். பாதியில் நின்ற ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி செய்தால் போதும். அந்தப் பாதிக் கோப்பை அழிக்க மறந்துவிடாதீர்கள். பெயர் சரியாக இருக்கும், திறந்தால் ஓடாது.

இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. எழுத்து வேலையைக் கண்டியில் ஒருவர் செய்கிறார், இசை சேர்ப்பவர் கொழும்பில் என்றால், 270 ஜிகாபைட்டை மலையிலிருந்து இணையத்தில் ஏற்றி அனுப்புவது நடக்காத காரியம். டிஸ்க்கைப் பொதி செய்து பஸ் நடத்துனரிடம் கொடுத்தனுப்பி, வண்டி இலக்கத்தைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அது போய்ச் சேரும்வரை நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்த காலம் எனக்கு உண்டு. சிறிய புரொக்சிகளை இரவோடு இரவாக இணையத்திலேயே அனுப்பிவிடலாம். மூலம் உங்கள் வீட்டு அலுமாரியை விட்டு அசைய வேண்டியதில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். புரொக்சியின் கோப்புப் பெயர், ஃபிரேம் வேகம், அகல உயர விகிதம், ஒலித் தடங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் மூலத்தோடு பொருந்த வேண்டும். குறிப்பாக ஒலித் தடங்கள் மாறினால் பிரீமியர் புரொக்சியை இணைக்க மறுத்துவிடும். வெளி மென்பொருளில் செய்து கொண்டுவருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபோகஸ் கூர்மையாக இருக்கிறதா, இருட்டில் இரைச்சல் புள்ளிகள் எவ்வளவு, நிறம் எப்படி என்பவற்றைப் புரொக்சியைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த வேலைகளுக்கு மூலத்துக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பெரிய ஆபத்து எக்ஸ்போர்ட்டில். மூலத்துக்குப் பதிலாகப் புரொக்சியையே எடுத்து எழுதச் சொல்லும் ஒரு சிறு கட்டம் அங்கே இருக்கிறது. அவசரத்தில் ஒரு முறை அதைத் தட்டிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் பென் டிரைவைக் கொடுத்துவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, மணப்பெண்ணின் சித்தியைத் தவிர. "கூறைச் சேலையின் சரிகை என்ன கஞ்சி மாதிரித் தெரிகிறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து பிரீமியரில் புரொக்சி செய்யும்போதே அதன் மூலையில் முத்திரை பதிய விடுகிறேன். எக்ஸ்போர்ட் ஆன படத்தில் முத்திரை தெரிந்தால், சித்தி பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிடலாம்.

நீளமான நிகழ்ச்சி, பல கெமரா, இரண்டு மூன்று கிழமை அவகாசம், நடுத்தரக் கணினி என்றால் என் வாக்கு இதற்குத்தான்.

## முழு உருமாற்றம்

இது புரொக்சியின் பெரியண்ணன். மூலம் முழுவதையும் தரம் குறையாத இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, அதையே வைத்து எடிட் செய்து, அதிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்வது. மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டிய சிக்கல் எதுவுமில்லை. சரிகை கஞ்சியாகும் வாய்ப்பும் இல்லை.

விலை டிஸ்க்கில் இருக்கிறது. 3840×2160 அளவில் நொடிக்கு 25 ஃபிரேமுக்குப் புரோரெஸ் 422 எடுத்துக்கொள்ளும் வேகம் 492 மெகாபிட். மணித்தியாலத்துக்கு 221 ஜிகாபைட். நம் ஆறு மணித்தியாலக் கல்யாணம் 1,326 ஜிகாபைட் ஆகிவிடும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் அடங்காது. ஒரு சீசனில் எட்டுக் கல்யாணம் எடுப்பவர் டிஸ்க் வாங்கியே கடனாளியாவார்.

இதில் இன்னொரு கண்ணி. 492 மெகாபிட் என்றால் நொடிக்கு 61 மெகாபைட்டுக்கு மேல். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகிய டிஸ்க் நடைமுறையில் 30, 40 மெகாபைட் தந்தாலே பெரிது. இரண்டு கெமராவை மல்டிகேமில், அதாவது ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக, ஓட்டினால் 120ஐத் தாண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் யு.எஸ்.பி. 3இல் இருந்தாலும் மூச்சு வாங்கும். சிபியுவின் பாரத்தை இறக்கி டிஸ்க்கின் தலையில் ஏற்றிவிட்டு, "மாற்றிய பிறகும் திக்குகிறதே" என்று அழைப்பவர்கள் உண்டு. அடைப்பு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோப்பு பெரிதாவதால் படம் மெருகேறும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தண்ணீர் கலந்த பாலை அண்டாவில் ஊற்றினால் பால் கெட்டியாகாது.

ஆனாலும் ஓரிடத்தில் இதற்கு மாற்றே இல்லை: கையடக்கத் தொலைபேசியில் எடுத்த கிளிப்புகள். தொலைபேசிகள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏற்றி இறக்கும். டைம்லைனில் போட்டதும் சரியாக இருக்கும். பத்து நிமிடம் போனபின் நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவது ஒரு நேரம், சத்தம் வருவது இன்னொரு நேரம். புரொக்சி செய்தாலும் இந்த நோய் மூலத்தில் அப்படியே கிடக்கும். நிலையான வேகத்துக்கு மாற்றினால்தான் தீரும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்தைத் தெரிவு செய்து மாற்றலாம். அது தருவதும் எச்.264 வகைதான் என்பதால் ஒலி சரியாகும், இழுக்கும்போது உள்ள பாரம் குறையாது. இரண்டும் சரியாக வேண்டுமென்றால் ஷட்டர் என்கோடரில் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாற்றுங்கள். இரண்டு மென்பொருளும் இலவசம்.

எடுக்கும்போதே பாதி வேலையைக் குறைக்கவும் முடியும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் கோவில் மண்டபத்து டியூப் லைட் துடிக்காது. ஐபோன்களில் 25 ஃபிரேம் முதலில் கண்ணில் படாது. அமைப்புகளில் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டச் சொன்னால் தெரியும். உறவினர் எடுத்த கிளிப்பை வாட்ஸ்அப் வழியாக வாங்காதீர்கள். அது வழியிலேயே பிழிந்துவிட்டுத்தான் தரும்.

ஐந்து நிமிட விளம்பரம், குறும்படம், நிற வேலை கனமாக உள்ள பாட்டு என்றால், முழு உருமாற்றம் நல்ல தெரிவு. காட்சி குறைவு, ஒவ்வொரு ஃபிரேமும் முக்கியம். கல்யாணத்துக்கு, தொலைபேசிக் கிளிப்புகளைத் தவிர, வேண்டாம்.

## இயந்திரம் வாங்குதல்

தம்பி கேட்டது இதைத்தான். வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை முதலில் வாங்குவது என்பதில்தான் எனக்குச் சண்டை.

முதலில் எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் பகுதியே இல்லாத டிஸ்க். சுழலும் டிஸ்க் இன்னும் உள்ளே இருக்கும் லேப்டாப்பில் வேறு எதை மாற்றினாலும் வீண். சாதாரண சாட்டா வகையே நொடிக்கு 500 மெகாபைட் அளவில் தரும். அடுத்தது ரேம், 8 ஜிகாபைட்டில் 4கே வேலை என்பது ஒற்றைக் காலில் மலையேறுவது. குறைந்தது 16 வேண்டும். இந்த இரண்டுக்குப் பிறகும் போதவில்லையென்றால்தான் புதிய கணினிப் பேச்சு.

பேச்சு அங்கே வந்துவிட்டால், கடைக்காரர் முதலில் காட்டுவது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக்கு அது சரி. கிளிப்பை விரிக்கும் வேலைக்கு, அந்தக் கார்டுக்குள் உங்கள் கெமராவின் வடிவத்தை விரிக்கும் தனிச் சுற்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இப்போதைய பல கெமராக்கள் நிற விவரத்தை அதிகமாக வைத்திருக்கும் 10 பிட் 4:2:2 என்ற வடிவத்தில் பதிகின்றன. என்விடியா அதை வன்பொருளில் விரிக்கும் வசதியை 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் சேர்த்தது. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸே எச்.265இன் அந்த வடிவத்தை விரித்துவிடும். ஆப்பிளின் எம் வரிசையும் விரிக்கும். அதாவது விலை உயர்ந்த பழைய கார்டைவிட, கார்டே இல்லாத ஒரு லேப்டாப் உங்கள் கிளிப்பைச் சீராக ஓட்டக்கூடும்.

மேசைக் கணினி பொருத்துபவர்கள் சிபியுவின் பெயரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. சில ஆயிரம் ரூபா குறைவாகக் கிடைக்கும். எடிட்டருக்கு, அந்தச் சில ஆயிரத்துக்காக விட்டுக்கொடுக்கும் கிராபிக்ஸ்தான் முக்கியமான பகுதி.

பாவித்த லேப்டாப் வாங்குபவர்களுக்கு: இன்டெலின் 7ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 10 பிட் எச்.265ஐ வன்பொருளில் விரிக்கும் வசதி அதில்தான் வந்தது. அதுவும் நிற விவரம் குறைந்த 4:2:0 வகைக்கு மட்டும். தொலைபேசிகளின் எச்.டி.ஆர். (வெளிச்ச வித்தியாசத்தை அதிகமாகப் பதியும்) கிளிப்புகளுக்கு அது போதும்.

மறைந்திருக்கும் செலவு விலைச்சீட்டில் இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினால் விலை இங்கே கேட்பதைவிடக் குறையலாம். பழுதானால் விடியற்காலைப் பஸ் பிடித்துப் போய், கொடுத்துவிட்டு இருட்டோடு திரும்பி, இரண்டு கிழமை கழித்து மறுபடியும் போக வேண்டும். இரண்டு நாள் கூலி, நான்கு பயணம், இடையில் வேலை இல்லை. எனக்கு அப்படி ஒரு முறை நடந்தது. திருத்தி வந்த இயந்திரத்தில் பழைய கோளாறும் கூடவே வந்தது. மேசைக் கணினியென்றால் யு.பி.எஸ். விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அது தரும் சில நிமிடங்கள் சேமித்து மூடுவதற்கு மட்டும். லேப்டாப்பில் பட்டரியே அந்த வேலையைச் செய்யும், அது செத்திருக்காவிட்டால்.

காலையில் தாலி கட்டு, மாலை வரவேற்பில் திரையில் போட வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உங்களுக்கு அடிக்கடி வந்தால், வாங்குங்கள். அந்த வேலையில் புரொக்சிக்கு இரவு கிடையாது. வேகத்துக்குத் தனியாகக் காசு வாங்குகிறீர்கள், இயந்திரம் அதைத் திருப்பித் தரும். மாதத்துக்கு ஒரு கல்யாணம் என்றால் தராது.

## மென்பொருளை மாற்றுதல்

"ரிசால்வ் இலவசமாமே, அதற்கு மாறிவிடவா?" என்பது திக்கலோடு ஒட்டிப் பிறந்த கேள்வி. இலவசப் பதிப்பு 3840×2160 அளவு, நொடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யும். கல்யாணத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. இரைச்சல் புள்ளிகளை நீக்கும் கருவி கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். ஒரே முறை 295 டாலர். டாலர் 300 ரூபா என்று வைத்தால் 88,500 ரூபா. மாதாந்தச் சந்தா கட்டும் பிரீமியரோடு ஒப்பிட்டால் ஒரு கட்டத்தில் இது மலிவாகிவிடும். ஆனால் ரிசால்வ் கிராபிக்ஸ் வலுவை அதிகம் கேட்கும் மென்பொருள். பலவீனமான லேப்டாப்பில் திக்கலுக்கு மருந்தாக அதை நிறுவுவது, முழங்கால் வலிக்கு ஹக்கலை மலைக்கு நடந்து போவது போல. லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கிளிப்புகளைத் திறக்கவே திறக்காது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மாறும்போது வெட்டுகளை எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொண்டுபோகலாம். எஃபெக்டும் எழுத்தும் பெரும்பாலும் வராது. எழுத்து என்றதும் நம்முடைய தனித் தலைவலி ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே பல கடைகளில் தலைப்பு எழுதுவது இன்னும் பாமினியில். அது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. எந்த மென்பொருளிலும் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மணமக்கள் பெயர் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாறுவதே நல்லது. பிரீமியரில் யுனிகோடு தமிழ் உடைந்து வந்தால், அமைப்புகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தைத் 'தெற்காசிய, மத்திய கிழக்கு' வகைக்கு மாற்றுங்கள். 'கொ' மூன்று துண்டாக நிற்பது அங்கே சரியாகும்.

சீசன் நடுவில் மாறாதீர்கள். ஆடியிலோ மார்கழியிலோ, கல்யாணம் குறைந்த நேரத்தில், பழைய வேலை ஒன்றை எடுத்துப் புதிய மென்பொருளில் முதலிலிருந்து செய்து பாருங்கள். பிடித்தால் தையில் அதோடு இறங்கலாம்.

## தம்பியின் கணக்கு

அவரிடம் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். லேப்டாப் இன்டெல் 6ஆம் தலைமுறை, ரேம் 8, உள்ளே சுழலும் டிஸ்க். கெமரா கிளிப்புகள் எச்.264, தனியாக ஓட்டினால் ஓடின. சிபியுவை நூறுக்குத் தள்ளியவை மாப்பிள்ளையின் நண்பர் ஐபோனில் எடுத்துக் கொடுத்த எச்.டி.ஆர். கிளிப்புகள், மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். ஒலியும் அவற்றில்தான் விலகியது.

இருபத்திரண்டு நிமிடத்தையும் ஷட்டர் என்கோடரில் 1920×1080, நொடிக்கு 25 என்று நிலையாக மாற்றச் சொன்னேன். கொடுக்கப்போவது அதே அளவில்தான் என்பதால் 4கேயில் வைத்திருக்கத் தேவையில்லை. கெமரா கிளிப்புகளுக்கு 720இல் புரொக்சி. சீட்டுக் காசில் ஒரு பகுதிக்கு எஸ்.எஸ்.டி.யும் ரேமும். மிச்சம் வீட்டுக் கூரைத் தகரத்துக்குப் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன கிழமை மறுபடி அழைத்தார். டைம்லைன் ஓடுகிறதாம், வீடியோவும் முடிந்துவிட்டதாம். மறுவீட்டுப் பகுதிக்கு எந்தப் பாட்டைப் போடுவது என்று கல்யாண வீட்டார்தான் இன்னும் சொல்லவில்லை.